தூங்கி எழுந்தால் ஊமையாகும் குழாய்

சந்திரமதி கோபக்காரி என்பது மலாக்காவில் காஜா பெராங் வட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம். மீன்காரரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் குறைவு. ஆனால் 1957ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவளுக்கு வந்த கோபம் வேறு ரகம். அந்த வருஷம் அதுவரை ஊரில் மூன்று விழாக்கள் நடந்திருந்தன. மூன்றுக்கும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போனாள். மூன்றிலும் பாதிதான் காதில் விழுந்தது. அதுவும் கட்டின புருஷன் கட்டின ஒலிபெருக்கியில்!

அவள் புருஷன் தேவதாஸ் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். மலாக்காவில் கல்யாணமோ கூட்டமோ திருவிழாவோ, லாரியில் குரலைப் பெருக்கும் மெஷினையும் அது பேசும் ஒலிக்குழாய்களையும் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நிற்பான். தொழில் பழகியது ஜாலான் துக்காங் எமாஸில், பிள்ளையார் கோயில் விழாக்களில். கோயிலும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கிற இடம் அது. பாங்கு சொல்லும்போது கோயில் குழாய் வாயை மூடிக்கொள்ளும். யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை, அப்படித்தான். தேவதாஸ் அந்தப் பழக்கத்தைப் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே கொண்டுபோனான்.

ஆனால் அந்த நேரத்தில் அவன் மெஷினை அணைக்க மாட்டான். அணைத்து அணைத்துப் போட்டால் உள்ளே இருக்கிற வால்வுகள் சீக்கிரம் போய்விடும். தவிர, மறுபடி சூடாகிக் குரல் வர இரண்டு நிமிஷம் பிடிக்கும். அதனால் ஒரு சுவிட்சைக் கீழே தள்ளுவான். வால்வுகள் இளஞ்சூட்டில் கிடக்கும், கார் பேட்டரியும் வீணாகாது. இதற்கு அவன் வைத்த பெயர் ‘தூங்க வைப்பது’. தொழுகை முடிந்ததும் சுவிட்சை மேலே தள்ளினால் மறு விநாடி மெஷின் பேசும். இதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

காஜா பெராங்கில் கூட்டம் என்றால் ஆண்கள் மேடைக்கு முன்னால் உட்காருவார்கள். பெண்களுக்கு இடம் பாடாங் என்கிற ஊர்த் திடலின் மறுகோடியில், பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில். நடுவில் இருநூறு கெஜம் புல்வெளி. அவ்வளவு தூரம் வயரில் போவதற்குள் குரல் மெலிந்துவிடும் என்று தாழ்வாரத் தூணில் தேவதாஸ் ஒரு பச்சைப் பெட்டியை மாட்டுவான். பட்டாளத்தார் கழித்துப் போட்ட சாமான்களில் கிடைத்த பெட்டி. மெலிந்து வருகிற குரலை வாங்கிப் பெருக்கிப் பெண்கள் பக்கத்துக் குழாய்க்குக் கொடுப்பது அதன் வேலை. அதற்கென்று தனியாக ஒரு கார் பேட்டரியும் உண்டு. பட்டாளப் பெட்டி என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

மேடைப் பக்கத்துக் குழாய் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. மறுகோடிக் குழாய்தான் பாதி விழாவில் ஊமையாகிவிடும். தேவதாஸ் உட்காருவது மேடைப் பக்கம். அவன் காதுக்கு எல்லாம் சுகமே.

“என்னாங்க, இன்னைக்கும் பாதியில போச்சுங்க,” என்றாள் சந்திரமதி, மூன்றாவது விழா முடிந்து வீடு திரும்பும்போது.

“காத்து மதி. கடக்காத்து மாறி அடிச்சா அப்டித்தான்.”

“காத்தா? குழாய் என் தலைக்கு மேல தொங்குது. ஒரு கொசு சத்தங்கூட வரல. காத்துன்னு சொல்றாரு, காத்து!”

“போன தடவ நீ ஆள் அனுப்பினப்ப நான் வந்து பாக்கலையா? பெட்டிய அணைச்சுப் போட்டேன், பேசிச்சே. அப்புறம் எப்டி அதுல கோளாறு இருக்கும்?”

இது ஒரு நியாயமாம். மயங்கி விழுந்தவன் முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டான், ஆகவே அவன் மயங்கவே இல்லை என்று சொல்வது போல. சந்திரமதி அன்று அதோடு விட்டுவிட்டாள். விட்டாள் என்றால் மறந்தாள் என்று அர்த்தமில்லை.

மறுவாரம் சுதந்திர விழாக் குழு கூடியது. ஆகஸ்ட் 31 காலை கோலாலம்பூரில் பிரகடனம் வாசிக்கப்படும், அதை வானொலியில் பிடித்து ஊருக்கே ஒலிபரப்ப வேண்டும் என்று முடிவாயிற்று. குழுவின் செயலாளர் நல்லையா, யாழ்ப்பாணத்து ஆள், அரசாங்கக் கிளார்க்கு. எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிறவர். ஒழுங்கில்லாததை நீக்கிவிட்டால் மிச்சம் ஒழுங்காகிவிடும் என்பது அவருடைய கொள்கை. அவரே தேவதாஸின் கடைக்கு வந்தார்.

“தேவதாஸ், அந்தக் கோடிக் குழாய் வேண்டாம். ஒவ்வொரு முறையும் முறைப்பாடு வருகுது. பொம்பிளையள் அண்டைக்கு வீட்டில இருக்கட்டும். நாங்கள் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுவம்தானே?”

கடை வீட்டின் முன்னறைதான். உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த சந்திரமதி கத்தியோடு வெளியே வந்தாள். கத்தியைக் கீழே வைக்க மறந்துபோனது தற்செயல் என்றுதான் பிற்பாடு சொன்னாள்.

“ஐயா, இந்த நாடு ஒரே ஒரு தடவதான் சுதந்திரம் வாங்கப் போவுது. அத நாங்க எங்க காதால கேக்கணும். உங்க வாயால கேக்கறதுக்கா நான் இத்தன நாளு காத்திருந்தேன்?”

நல்லையா கத்தியைப் பார்த்தார், தேவதாஸைப் பார்த்தார். “குழாய் நிண்டுபோனால் என்ன செய்வியள்?”

“நிக்காது. நின்னா, அப்புறம் எந்த விழாவிலயும் அந்தக் கோடிக்குக் குழாய் வேணாம். நான் வாயே திறக்க மாட்டேன்.”

சந்திரமதி வாயைத் திறக்காமல் இருப்பது என்பது ஊருக்கே பெரிய ஆதாயம். நல்லையா உடனே ஒப்புக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார்.

மாலைக்குள் செய்தி பரவிவிட்டது. அடுத்த சந்தில், வீட்டில் மலாயே பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பொன்னம்மா வேலியோரம் வந்து, “தக் டெங்கார் லா, மதி, செலாலு தக் டெங்கார்,” என்று தலையில் அடித்துக்கொண்டாள். எப்போதுமே கேட்பதில்லை என்று மலாய்ப் பேச்சில் அவள் அழுத அழுகை. எதிர்வீட்டுப் பூங்காவனம் பெட்டிக்குக் கண்ணேறு பட்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கொண்டுவந்து தந்தாள். தேவதாஸ் அதை மறுபேச்சில்லாமல் பெட்டியில் கட்டினான். அவனுக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

பிறகு பத்து நாள் அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. இருநூறு கெஜ வயரை முழுக்கப் பிரித்துப் புது வயர் போட்டான். குழாயை மாற்றினான். உள்ளே ஈயம் வைத்த இடங்களையெல்லாம் மறுபடி வைத்தான். மேடைக் குழாயை அந்தப் பக்கமும் அந்தக் குழாயை இந்தப் பக்கமும் மாற்றிப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் பிறகு காலை முதல் மாலை வரை இசைத்தட்டுப் போட்டுக் கேட்டான். கடையில் பெட்டி பச்சைப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டது. ஒருநாள்கூட ஊமையாகவில்லை.

“நல்லாத்தான் இருக்குலா. ஒரு குத்தமும் இல்ல,” என்று அவன் கையை விரித்தான்.

சந்திரமதிக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. குற்றம் இல்லாத பெட்டி மூன்று முறை எப்படி வாயை மூடியது? அடுப்படியில் உட்கார்ந்து மூன்று விழாக்களையும் ஒவ்வொன்றாய் நினைவுக்குக் கொண்டுவந்தாள். முதல் விழாவில் வாழ்த்துரை கேட்டது, நாட்டியத்துக்குப் பாட்டு கேட்கவில்லை. இரண்டாவதில் தலைவர் பேச்சு கேட்டது, பரிசளிப்பு கேட்கவில்லை. நடுவில் என்ன நடந்தது? மூன்றிலும் நடுவில் பொழுது சாய்ந்தது. பாங்கு சொன்னார்கள்.

“என்னாங்க, நீங்க அத தூங்க வைச்சு எழுப்பினப்புறந்தான் அது போவுது.”

“அதையும் பாத்துட்டேன் மதி.” அவன் அவள் முன்னாலேயே சுவிட்சைக் கீழே தள்ளினான். பத்து எண்ணினான். மேலே தள்ளினான். இரண்டு குழாயும் ஒன்றாகப் பாடின. “பாத்தியா?”

சந்திரமதி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “பத்து எண்றதுக்குள்ள பாங்கு முடிஞ்சிருமா? அப்புறம் அவங்க தொழுது முடிக்கிற வரைக்கும் நீங்க சுவிட்சத் தொட மாட்டீங்களே. கடையில மட்டும் ஏன் இந்த அவசரம்?”

உண்மை என்னவென்றால், தேவதாஸுக்குச் சத்தமில்லாமல் கடையில் உட்காரத் தெரியாது. விழாவில் மரியாதைக்காகக் கால்மணி நேரம் பொறுமையாக இருப்பவன், கடையில் ஒரு நிமிஷம் மெஷின் சும்மா இருந்தால் துடித்துப் போய்விடுவான். இத்தனை நாள் சோதனையில் ஒருமுறைகூட மெஷினை அவன் சரியாகத் தூங்கவிடவே இல்லை.

“நான் உலையில அரிசி போட்டுட்டு வரேன். கொதிச்சு வடிக்கிற வரைக்கும் நீங்க அந்தச் சுவிட்சுல கை வைக்கக் கூடாது.”

அரிசியைப் போட்டுவிட்டு வந்து, பட்டாளப் பெட்டியின் மேல் காதை வைத்து உட்கார்ந்தாள். தேவதாஸ் எழுந்தான், உட்கார்ந்தான், விரலைச் சொடுக்கினான், சுவர்க் கடிகாரத்தையே பார்த்தான். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு போயிற்று. மூன்றும் போயிற்று. அவன் வாயைத் திறக்கப் போன நேரத்தில் சந்திரமதி கையை உயர்த்தித் தடுத்தாள்.

பெட்டிக்குள் ‘டக்’ என்றது.

அவ்வளவுதான். மிளகாய் உடைபடுகிற அளவுச் சத்தம். “எழுப்புங்க இப்ப!” என்று கத்தினாள். தேவதாஸ் சுவிட்சை மேலே தள்ளினான். மேடைக் குழாய் பாடியது. மற்றது பாடவில்லை. சந்திரமதிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மெஷின் கெட்டுப்போனதைப் பார்த்து இவ்வளவு மகிழ்ந்த பெண் மலாக்காவில் அவளுக்கு முன்னால் இருந்திருக்க மாட்டாள். உலை பொங்கி அடுப்பில் வழிந்தது, அதை யார் பார்த்தார்கள்?

பெட்டியைத் திறந்தார்கள். மூலையில் விரல் நீளத்தில் ஒரு தகடு. மேடை மெஷின் விழித்திருக்கும்வரை வயர் வழியாகச் சிறிது கரண்ட் வந்துகொண்டே இருக்கும், அந்தச் சூட்டில் தகடு வளைந்து ஒரு முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். மெஷின் தூங்கினால் கரண்ட் நின்றுவிடும். தகடு மெல்ல ஆறும். நாலாவது நிமிஷம் நிமிர்ந்து தொடர்பை அறுத்துக்கொள்ளும். பிறகு அணைத்துப் போட்டால் ஒழிய ஒட்டாது. யுத்தத்தில் அந்தப் பக்கமிருந்து நாலு நிமிஷம் கரண்ட் வரவில்லையென்றால் வயர் எதிரி கைக்குப் போய்விட்டது என்று பெட்டி தானே விலகிக்கொள்வதற்காக அப்படி வைத்திருப்பார்கள் என்று தேவதாஸ் ஊகித்தான்.

“அப்போ, நாம தொழுகைக்கு மரியாத பண்றப்ப இது எதிரி வந்துட்டான்னு நெனச்சுக்குதா?” சந்திரமதி வாய்விட்டுச் சிரித்தாள்.

காரணம் தெரிந்ததே தவிர வழி தெரியவில்லை. அணைத்துப் போடலாமென்றால் குரல் வர இரண்டு நிமிஷம். பிரகடனம் அதுவரை காத்திருக்குமா? தூங்க வைக்காமலே விடலாமென்றால் மேடை பேட்டரி அவ்வளவு நேரம் தாங்காது. தேவதாஸ் தகட்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டினான். பெட்டி காது கிழிய ஊளையிட்டது, ஒரு வால்வு பட்டென்று போனது. கம்பியை அவிழ்த்து, வேறு வால்வைப் போட்டுவிட்டு அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அதுக்குச் சூடுதான வேணும்?” என்றாள் சந்திரமதி யோசித்தபடி. “அது ஏன் இருநூறு கெஜம் தள்ளி இருக்கிற மெஷினோட கைய எதிர்பாத்துக் கெடக்கணும்? அதுக்குன்னு பக்கத்துலயே ஒரு பேட்டரி இருக்கில்ல? அங்கயிருந்தே குடுங்களேன்.”

தேவதாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அப்படி அவன் பார்த்ததில்லை. பிறகு வேலையில் இறங்கினான். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தபோது தகடு அளவுக்கு மீறிச் சூடாயிற்று. நடுவில் ஒரு சைக்கிள் விளக்குப் பல்பைச் சேர்த்தான். கரண்ட் அளவாகப் போயிற்று, பல்பும் அரைவெளிச்சத்தில் எரிந்தது. எரிகிறவரைக்கும் பெட்டி விழித்திருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும்படி பல்பைப் பெட்டியின் நெற்றியில் பொருத்தினான். மேடை மெஷினைத் தூங்க வைத்துவிட்டுச் சந்திரமதி சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், துணி துவைத்துக் காயப்போட்டாள். மூன்று மணி நேரம் கழித்து எழுப்பினார்கள். இரண்டு குழாயும் ஒரே குரலில் பாடின.

ஆகஸ்ட் 31 காலை பாடாங் நிறைந்துவிட்டது. தாழ்வாரத்தில் புடவையும் கெபாயாச் சட்டையுமாகப் பெண்கள் நெருக்கியடிக்க, உட்கார இடமில்லை. பூங்காவனம் புட்டு அவித்துப் பாத்திரத்தோடு வந்திருந்தாள். பொன்னம்மா ஏழு பேரைக் கூட்டிவந்திருந்தாள். நல்லையா தாழ்வாரத்து ஓரத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு, பெட்டியை ஒரு பார்வை, சந்திரமதியை ஒரு பார்வை பார்த்து, மேடைக்கு நடந்தார்.

கோலாலம்பூரில் மழை, நிகழ்ச்சி தாமதமாகும் என்று வானொலி சொன்னது. அதற்கு மேல் பேட்டரியை வீணாக்க முடியாது. வானொலியை மட்டும் மெல்லப் பாடவிட்டுத் தேவதாஸ் மெஷினைத் தூங்க வைத்தான். இரண்டு குழாயும் அடங்கின.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. பெண்கள் அவளையே பார்த்தார்கள். “என்னாடி மதி, வழக்கம்போல ஆயிருச்சா?” என்றாள் பூங்காவனம்.

“பல்பு எரியுது பாருங்கக்கா. அது முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு.”

அவள் சொல்லி முடித்து இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். பல்பு ஒருமுறை பளிச்சென்று மின்னி அணைந்தது.

சந்திரமதி துள்ளி எழுந்தாள். இன்னும் நாலே நிமிஷம். தகடு ஆறத் தொடங்கிவிட்டது. வேறு பல்பு மேடைக்குப் பக்கத்தில் கருவிப்பெட்டியில் இருக்கிறது. இருநூறு கெஜம் கூட்டத்துக்குள் புகுந்து போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சுற்றிலும் பார்த்தாள். நல்லையாவின் சைக்கிள் கண்ணில் பட்டது. பளபளவென்று துடைத்த சைக்கிள், முன்னால் விளக்கு.

ஒரே ஓட்டம். விளக்கின் கண்ணாடியைத் திருகினாள், அது அசையவில்லை. ஒழுங்கான மனுஷன், இறுக்கி வைத்திருக்கிறார். முந்தானையைச் சுற்றிப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். கழன்றது. உள்ளே இருந்த பல்பை எடுத்துக்கொண்டு தூணுக்கு ஓடினாள். பூங்காவனம் புட்டுப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு முக்காலியை இழுத்துவந்து போட்டாள். பொன்னம்மா அதை அசையாமல் பிடித்துக்கொண்டாள். சந்திரமதி ஏறி, சுட்ட பல்பை வெறும் கையால் கழற்றி எறிந்தாள். புதியது மரையில் உட்கார மாட்டேன் என்றது. அந்தப் பக்கம் மேடைக்கு முன்னால் ஆண்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. ஆரம்பிக்கப் போகிறார்கள்!

“உக்காரு, என் ராசா, உக்காரு,” என்று பல்பிடம் கெஞ்சினாள். வாழ்க்கையில் அவள் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. பல்பு உட்கார்ந்தது. எரிந்தது. பெட்டியில் காதை வைத்தாள். ‘டக்’ என்ற சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது வரவில்லை.

தலைக்கு மேலே குழாய் கரகரத்தது. பிறகு மலாயில் பிரகடனம் வாசிக்கும் குரல் வந்தது. தெளிவாக, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையும் முழுசாக. தாழ்வாரத்தில் ஒருவர்கூட அசையவில்லை. புரிந்தவர்களும் கேட்டார்கள், பாதி புரிந்தவர்களும் கேட்டார்கள். பொன்னம்மா முக்காலியை விடாமலே அழுதுகொண்டிருந்தாள். சந்திரமதி இறங்க மறந்து மேலேயே நின்றாள். இத்தனை பெரிய விஷயம் நேராகத் தன் காதுக்கு வந்து சேர்ந்ததே, யாரும் நடுவில் நின்று சொல்லவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு பொங்கியது. அப்படி ஒரு மகிழ்ச்சியை அவள் அதற்கு முன்னால் அறிந்ததில்லை.

“மெர்டேக்கா!” என்றது குழாய், சுதந்திரம் என்று மலாயில்.

“மெர்டேக்கா!” என்றது தாழ்வாரம். அந்தச் சத்தத்தில் மேடைப் பக்கத்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் முறை இன்னும் பலமாக வந்தது. மூன்றாம் முறை பூங்காவனத்தின் குரல் மற்ற எல்லாக் குரலையும் மிஞ்சியது.

அதற்குள் மேடைப் பக்கமிருந்து தேவதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்வெளியில் விழுந்தடித்து ஓடிவந்தான். முகமெல்லாம் வியர்வை.

“மதி! மதி! இங்க கேக்குதா?”

சந்திரமதி முக்காலி மேல் நின்றபடியே உதட்டில் விரலை வைத்தாள்.

“சத்தம் போடாதீங்க,” என்றாள். “நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம்.”